பிப்ரவரியில் பூட்டிக் கிடக்கும் தாலுகா

மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில், பாலாகாட் மலைத்தொடரை ஒட்டி இருக்கிறது தாரூர் தாலுகா. சமூக மருத்துவம் படித்துவிட்டு அங்கே ஒரு தடுப்பூசி முகாமுக்கு நான் முதலில் போனது பிப்ரவரி மாதம். தெருவில் பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள். ஒரு திண்ணையில் வயதான அம்மா ஒருவர், மோரில் பாக்ரி எனும் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டு இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"மகனும் மருமகளும் எங்கே ஆஜி?" என்றேன். மராத்தியில் ஆஜி என்றால் பாட்டி.

"கொய்தாவுக்குப் போயிருக்காங்க. பாடவா பண்டிகைக்குத்தான் வருவாங்க."

கொய்தா என்றால் கரும்பு வெட்டும் அரிவாள். பாடவா என்பது மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும் மராத்தியப் புத்தாண்டு. தீபாவளியை ஒட்டி முகாதம் எனப்படும் மேஸ்திரி கொடுக்கும் 'உசல்' முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கோலாப்பூர், சாங்கிலி, கர்நாடகத்து பெலகாவி வரை குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்துதான் ஒரு கொய்தா. அவள் வெட்டினாலும் கட்டுச் சுமந்தாலும் கணக்கில் தனி ஆள் கிடையாது.

அரசின் கணக்கிலும் இவர்கள் நழுவிப் போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. பீட் மாவட்டத்துக்கு வந்த எண்ணிக்கை 25,85,049. அதில் ஐந்தில் நான்கு பங்கு கிராமத்தார். அந்த இருபது நாளும் வெளியூரில் இருப்பவரை, இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. கரும்புக்காட்டுக் குடிசையைத் தேடிப் போய் எண்ணினார்களா என்பதுதான் என் கவலை. துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர் என்று அளவு வைத்திருக்கிறோம். விட்டுப்போன ஒவ்வொரு தலைக்கும் ஊசியும் மருந்தும் குறைகின்றன. அடுத்த தலைக்கணக்கும் 2027 பிப்ரவரிக்கே திட்டமிடப்பட்டிருக்கிறது.

இதில் அதிகம் அடிபடுவது பெண்கள். விடியுமுன் வயலில் இறங்கினால் கழிப்பறை கிடையாது, சுத்தமான தண்ணீர் கிடையாது. ஒரு நாள் வராவிட்டால் 'காடா' என்று அபராதம். மாதவிலக்கு நாளிலும் தலையில் கரும்புக்கட்டு. கிருமித்தொற்று, வெள்ளைப்படுதல் என்று மருத்துவரிடம் போனால், புற்றுநோய் வரும் என்று பயமுறுத்திக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்ட கதைகளை எத்தனையோ கேட்டேன். முப்பதைத் தொடாத ஒரு பெண் மூட்டுவலியோடு வந்தாள். வயிற்றில் தழும்பு. தனியார் மருத்துவமனை கொடுத்த சீட்டில் சினைப்பையையும் எடுத்ததாக எழுதியிருந்தது. அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. 2019-இல் மாநில அரசின் குழு, பீட் மாவட்டத்தில் கணக்கெடுத்த 82,309 கரும்பு வெட்டும் பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்ததைக் கண்டது.

வெள்ளைப்படுதலுக்குக் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமே அல்ல. பெரும்பாலும் மாத்திரையிலேயே தீரும். கத்தி வைக்கச் சொன்னால், அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.

அந்தப் பக்கம் வேலை செய்யும் நம் மருத்துவர்களுக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டி கிளம்பும் முன்பே ஊருக்குப் போங்கள். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பெயர் எழுதி, போகும் ஊரில் இருக்கும் கிராம சுகாதார ஊழியரான ஆஷா பணியாளருக்குத் தெரிவியுங்கள். தடுப்பூசியை நாட்டின் எந்த அரசு நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையை ஆஜியிடம் விட்டுப் போகாமல், துணிமூட்டைக்குள் பாலிதீன் பையில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.