கழுத்துக்குள் நான்கு துவரம்பருப்பு

போன ஆண்டு என் அத்தைக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய அன்றிரவே சிங்கப்பூரின் அங் மோ கியோவிலிருந்து கூப்பிட்டார். "உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா. விரலெல்லாம் இழுக்குது." உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. ரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றியதும் இழுப்பு மெல்ல அடங்கியது. கழுத்தில் கத்தி வைத்தால் விரல் ஏன் இழுக்க வேண்டும்? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

தைராய்டின் பின்பக்கத்தில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் சம்பந்தமில்லை. பக்கத்து வீடு, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய துவரம்பருப்பு அளவு. நிறமும் மஞ்சள் கலந்த பழுப்பு. சுற்றியுள்ள கொழுப்போடு கலந்து தெரிவதால் தேர்ந்த கைகளுக்கே இவற்றைப் பிரித்தறிவது கடினம். தைராய்டை எடுக்கும்போது இவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் கொஞ்சம் தடைபட்டாலும் சில நாள், சில வாரம் மயங்கிக் கிடக்கும். அத்தைக்கு நடந்தது அதுதான்.

மனித உடலில் இவற்றைக் கண்டு 1880-இல் விரிவாக எழுதியவர் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த மருத்துவ மாணவர் இவார் சாண்ட்ஸ்ட்ரோம். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே, லண்டன் விலங்குத் தோட்டத்தில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த உடற்கூறியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் இதைக் குறித்து வைத்திருந்தார். நம் கழுத்தில் இருப்பது முதலில் நம் ஊர்க் காண்டாமிருகத்தில் அகப்பட்டது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சரி, இவை என்ன செய்கின்றன? நம் உடலில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். ரத்தத்தில் ஒரு கிராம்கூட இல்லை. ஆனால் இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் ரத்தம் உறையவும் அந்தச் சிறு அளவுதான் வேண்டும். நரம்புகளை அடக்கி வைத்திருப்பதும் அதுவே. குறைந்தால் நரம்புகள் யாரும் கூப்பிடாமலே துள்ளத் தொடங்கும். எறும்பு ஊர்வதும் விரல் இழுப்பதும் அதனால்தான்.

பாராதைராய்டு செல்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் ஏற்பிகள் உள்ளன. பொதுவாக ஓர் ஏற்பியைத் தட்டினால் வேலை தொடங்கும். இங்கே தலைகீழ்: கால்சியம் தட்டிக்கொண்டே இருக்கும்வரை சுரப்பி அடங்கி இருக்கும். தட்டுவது குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோனை வெளியே விடும். அந்த ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும். அதனால் நிமிடத்துக்கு நிமிடம் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது.

அது முதலில் எலும்பைத் தேடிப் போகிறது. எலும்பைக் கட்டும் செல்களிடம் செய்தி சொல்ல, அவை எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. எலும்பு கரையும்போது கால்சியம் மட்டும் வராது, பாஸ்பேட்டும் கூடவே வரும். இரண்டும் ரத்தத்தில் ஏறினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு படியும், எடுத்த கால்சியம் வீணாகும். ஆகவே அதே ஹார்மோன் சிறுநீரகத்திடம் 'கால்சியத்தை வைத்துக்கொள், பாஸ்பேட்டை வெளியே தள்ளு' என்கிறது. இந்த இடம்தான் என்னை அசர வைத்தது. ஒரே ஹார்மோன், இரண்டு உப்புகளுக்கு இரண்டு கட்டளை.

அப்புறம் மூன்றாவது வேலை. வைட்டமின் டியைச் செயல்படும் வடிவுக்கு மாற்றச் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. அந்த வடிவம் குடலுக்குப் போய், நாம் தின்ற நெத்திலியிலும் தயிரிலும் உள்ள கால்சியத்தை உள்ளிழுக்க வைக்கிறது. சிங்கப்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குளிரூட்டிய அலுவலகம், பெருவிரைவு ரயில், வீடு என்றே நாள் கழிகிறது. கருத்த தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்கக் கூடுதல் வெயிலும் வேண்டும். அது போதாமல் போனால் ஹார்மோன் ஏறும், எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும்.

அதனால்தான் பலதுறை மருந்தகத்து அறிக்கையில் கால்சியம் சரியாக இருப்பதை மட்டும் பார்த்து எலும்பு நலம் என்று முடிவு செய்யக்கூடாது. உடல் காப்பது ரத்தத்தின் அளவை, எலும்பை அல்ல. நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வாரம் மூன்று முறை போய்வருபவர்களை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அவர்கள் உடலில் பாஸ்பேட் தேங்கும், வைட்டமின் டி வடிவம் மாறாது, பாராதைராய்டு ஓயாமல் சுரந்து வீங்கும், எலும்பு தேயும். மருத்துவர் இந்த ஹார்மோனையும் அளந்து பார்ப்பதும், சாப்பாட்டோடு பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரை தருவதும் இதற்காகவே.

அத்தைக்குக் கால்சியமும் செயல்படும் வைட்டமின் டியும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஆறாவது வாரப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு ஏறியிருந்தது. மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். எறும்பு திரும்பி வரவில்லை.