கோடெக் – குறிமுறை

“அண்ணை, இந்த வீடியோவை எம்பி4 பிளேயருக்கு ஏத்தித் தாங்கோ.” திருகோணமலை மத்திய வீதிக் கடைகளில் இப்படிக் கேட்டால் ஏற்றுவது அரை நிமிட வேலை. ஏறியது ஓட வேண்டுமே! கோணேசர் தேரைக் கைபேசியில் எடுத்த கோப்பு, 1.8 அங்குலத் திரையில் ‘ஃபோமற் எரர்’ என்று நின்றுவிடும். கோப்புப் பெயரின் வால் எழுத்தை, இந்த மலிவுப் பிளேயர்கள் ஓட்டும் வகையான ஏஎம்வி என்று மாற்றினாலும் அதே கதைதான். இரண்டு வெவ்வேறு பொருளை ‘ஃபோமற்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதால் வந்த குழப்பம் இது.

ஒன்று கொள்கலன். றெஜிபோம் பெட்டியில் மீன் வருகிறது. பெட்டியின் மேல் ‘பாரை’ என்று எழுதினால் உள்ளே கிடக்கும் சூரை பாரையாகிவிடாது. எம்பி4, ஏவிஐ, ஏஎம்வி எல்லாம் பெட்டிகள். மற்றது கோடெக்: உள்ளே படமும் ஒலியும் எப்படிச் சுருக்கி எழுதப்பட்டுள்ளன என்பது.

‘கோடர்’, ‘டிகோடர்’ என்ற இரண்டின் தலைகளை ஒட்டிப் பிறந்த சொல் அது. ‘கோட்’ என்பதன் மூலம் இலத்தீனின் ‘கோடெக்ஸ்’. முதலில் மரத்தண்டு, பிறகு எழுதும் மரப்பலகைகளின் கட்டு, பிறகு சட்டத்தொகுப்பு எனப் பொருள் நகர்ந்தது. பனையோலை நம்மிடம் ஏடாகிச் சுவடியானதும் இதே வழியில்தான்.

தமிழில் ‘குறியாக்கி’ என்பார்கள். அது பாதிப் பொருளே. வீடியோவை ஓட்டும்போது பிளேயர் எதையும் குறியாக்குவதில்லை, குறிநீக்க மட்டுமே செய்கிறது. “அந்தக் கோடெக் இல்லை” என்னும்போது நாம் சொல்வது எழுதிய முறையைத்தான். ஆகவே ‘குறிமுறை’யே பொருந்தும்.

ஏஎம்வி, ஏவிஐயைத் திருத்திச் செய்த பெட்டி. படம், ஜேபெக் படங்களை வரிசையாக அடுக்கும் மோஷன் ஜேபெக் குறிமுறையின் ஒரு வகை. ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) தனிப்படம், அதுவும் தலைகீழாக. சுருக்க அட்டவணைகள் நிலையானவை என்பதால் அவை கோப்பில் எழுதப்படுவதேயில்லை. இதனால் மலிவான சிப்பும் சமாளிக்கும். ஒலி ஏடிபிசிஎம் என்ற எளிய குறிமுறை, வினாடிக்கு 22,050 மாதிரிகள் (ஹேர்ட்ஸ்), ஒற்றைத் தடம்.

வீடியோ மாற்றும் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் 4.4 (2021) முதல் ஏஎம்வி எழுதும், படத்தையும் தானே புரட்டிக்கொள்ளும். வினாடிக்கு எத்தனை சட்டகம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த எண் ஒலியின் 22,050ஐ மீதியின்றி வகுக்க வேண்டும்: 14, 15, 18 சரி, 16 ஆகாது. 15 என்றால் ஒலித்தொகுதி அளவு 22,050 ÷ 15 = 1,470 என்று கட்டளையில் கொடுக்க வேண்டும். உயரம் 16இன் மடங்காக இல்லாவிட்டால் (160×120 போல) ஏற்க மறுக்கும்; கட்டளையில் ‘ஸ்ட்ரிக்ட்’ (கண்டிப்பு) அளவை -1 ஆக்கினால் விடும். நெடுக்காக எடுத்த வீடியோவுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை சேருங்கள், இல்லாவிட்டால் தேர் சப்பையாகிவிடும்.

பிளேயரோடு வந்த மாதிரி வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதைக் கணினியில் விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் திறந்து கோடெக் தகவலைப் பார்த்தால் அகலம், உயரம், சட்டக வீதம் எல்லாம் கிடைக்கும். அந்த எண்களையே கொடுங்கள்.