மொறுமொறு தோசைக்குள் ஓர் அதிர்வு

பெரம்பூரிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று எழுதினால்தான் மார்க். 'மொறு'வுக்குப் பொருளே இல்லையென்றால், மொறுமொறு தோசை என்றதும் நாக்கில் எச்சில் ஊறுவது எப்படி?"

இந்தக் கேள்விக்கு வருவோம்.

சின்ன வயதில் வண்டி ஓட்டி விளையாடிய மாதிரி 'ர்ர்ர்' சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனியை ஆட்டுவது நீங்களல்ல. மேற்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டருகே அதைத் தளர்வாக வைக்கிறீர்கள், அவ்வளவுதான். நுரையீரல் காற்று நுனியைத் தள்ளித் திறக்கிறது. அந்த இடுக்கில் காற்று விரைய, அங்கே அழுத்தம் குறைகிறது. நுனி மறுபடி மேலே போய் ஒட்டுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 25 முறை! செல்போனில் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்த்தால் 'ல்ல்ல்' ஒரே பட்டையாக ஓடும். 'ர்ர்ர்' சீப்புப் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். பூசாத சுவரில் விரலை இழுக்கும்போது தோலுக்குக் கிடைப்பதும் இப்படி விட்டுவிட்டு வரும் அதிர்வுதான்.

கரடுமுரடைச் சொல்லும், ர, ற உள்ள சொரசொர, நறநற, கரகர ஒரு பக்கம். வழுக்கலைச் சொல்லும், அந்த ஒலி இல்லாத வழவழ, கொழகொழ மறுபக்கம். தமிழில் மட்டுமா? 28 மொழிக்காரர்களிடம் நேர்கோட்டையும் ரம்பப்பல் கோட்டையும் காட்டி, 'ர்', 'ல்' எது எதற்கென்று கேட்ட ஆய்வு 2024இல் வந்தது. பெரும்பாலோர் ரம்பத்துக்கு 'ர்' என்றார்கள். கூர்வடிவத்துக்கு 'கிக்கி', உருண்டைக்கு 'பூபா' என்று மக்கள் பெயர் பொருத்துவதைப் பிரபலமாக்கிய மூளை நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

ஆனால் பேச்சில் நாம் 'மொறு' என்னும்போது நாக்கு ஒரே ஒரு தட்டுதான் தட்டுகிறது. அதனால்தான் சொல்லை இரட்டிக்கிறோமோ? தொலைந்த அதிர்வை மீட்க? இது என் ஊகம். சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம், ஒரு மைக்கும் பொறுமையும் போதும். 'மூத்த மொழி' மேடைப் பந்தல் செலவில் ஒரு துளியை இதற்குத் தரலாம்.

'மிருது'வில் ர இருக்கிறதே என்று யாராவது மடக்குவார்கள். இருக்கிறது. அது வடமொழியிலிருந்து வந்த சொல். எந்த மொழியிலும் இது ஒரு சாய்வுதான், சட்டமல்ல. தேர்வில் மட்டும், தங்கச்சி, "பொருள் தராது" என்றே எழுதிவிடு.