தலைநீர் அல்ல, தலையோடை

மழைக்காலம் வந்தால் போதும், இலங்கையில் 'களனி கங்கையின் தலைநீர்ப் பகுதிகளில் கடும் மழை' என்று எங்காவது எழுதிவிடுகிறார்கள். ஹெட்வோட்டர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிய்த்து, ஹெட்டுக்குத் தலை, வோட்டருக்கு நீர் என்று ஒட்டியதுதான் இந்தத் தலைநீர். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

ஓர் ஆற்றின் உச்சியில் அதற்கு முதலில் நீர் கொண்டுவந்து சேர்க்கும் சிற்றோடைகள் எல்லாம் சேர்ந்தே ஹெட்வோட்டர்ஸ். ஆறு பிறக்கும் இடமான சோர்ஸ் வேறு. அது 'எழும்பு' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, அதற்கு நம்மிடம் ஊற்றுக்கண், நதிமூலம் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. இதையும் 'நதியின் ஆதாரம்' என்று எழுதுகிறார்கள். ஆதாரம் கேட்க இதென்ன வழக்கா?

சரி, தலைநீருக்கு வருவோம். 'தலை'யில் பிழையே இல்லை. தலைமடை, தலைப்பிள்ளை, குடகிலுள்ள தலைக்காவேரி என்று 'முதல்' என்ற பொருளில் அது காலங்காலமாக வருகிறது. 'நீர்'தான் கெடுக்கிறது. வயல் செய்கிறவருக்குத் தலைநீர் என்றால் தலைமடையில் பாயும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும், கொழும்பில் இருப்பவருக்கு அதுவும் வராது. பல ஓடைகள் என்ற கருத்தே அதில் இல்லை. மலைநாட்டு ஹோட்டன் சமவெளியில் பாருங்கள், 2,000 மீற்றருக்கு மேலே, மரத்துப் பாசியில் மூடுபனி பிடித்துச் சொட்டி, புல்வெளிச் சதுப்பில் ஊறி, எங்கெங்கோ நூலாகக் கசிந்து ஓடையாகிறது. இதுதான் கண் என்று ஒரு இடத்தைக் காட்ட முடியாது. களனியும் அப்படித்தான், கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா இரண்டும் கூடித்தான் அது களனி. அதனால் தலையோடைகள் என்பதே பொருத்தம், படித்தவுடன் விளங்கும்.

'நீரேந்துப் பகுதி' இருக்கிறதே என்பார்கள். நல்ல சொல், ஆனால் ஆற்றுக்கு நீர் வடியும் நிலம் முழுவதும் அதில் அடங்கும், கீழே கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கொலன்னாவையும் சேர்த்து. 2016இல் வெள்ளத்தில் மூழ்கிய அந்தப் பக்கத்துச் சனத்துக்கு, மழை பெய்வது மலையிலா தங்கள் தலைக்கு மேலேயா என்று அறிவித்தலைப் பார்த்ததும் தெரிய வேண்டாமா? மலையில் என்றால் வெள்ளம் வந்து சேர நேரம் எடுக்கும், சாமான்களை மேலே ஏற்றி வைக்கலாம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு வரைபடத்தை ஒருதரம் பார்த்தால், 'தலையோடைப் பகுதியில் மழை' என்று தாமாகவே எழுதுவார்கள்.