இரண்டு மணி நேர இடைவெளி போதுமா?

தேனியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு எட்டு வருடத்துக்கு முன்னால் இதய வால்வு மாற்று ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வார்ஃபரின் மாத்திரை. போன மாதம் காசநோய் என்று தெரிந்து, காலையில் வெறும் வயிற்றில் டிபி மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனைதான் பிடி ஐஎன்ஆர்; அப்பாவின் அந்த நோட்டில் உள்ள எண்களை வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறார்: 2.8, 2.3, 1.7, 1.3. “இரண்டு மாத்திரையும் வயிற்றுக்குள் ஒன்றையொன்று முறித்துவிடுகிறதாம். நடுவில் இரண்டு மணி நேரம் விட்டுச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். அப்படியா?”

வயிற்றுக்குள் முறித்துக்கொள்ளும் மருந்துகள் உண்டு. தைராய்டு மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடச் சொல்வது அதனால்தான். ஆனால் இந்த அப்பாவின் விஷயம் வேறு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஏற்கெனவே பத்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அப்படியும் எண் இறங்குகிறது. இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளினாலும் இறங்கத்தான் செய்யும். ஏனென்றால் பிரச்சினை வயிற்றில் நடக்கவில்லை, கல்லீரலில் நடக்கிறது.

வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். மருந்து சாப்பிடாதவருக்கு ஐஎன்ஆர் ஏறக்குறைய 1 இருக்கும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு, வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்து, 2 முதல் 3.5 வரை வைத்திருப்பார்கள். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு. சாப்பிட்ட வார்ஃபரினைக் கல்லீரலின் என்சைம்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்து வெளியே அனுப்புகின்றன. உள்ளே போவதும் வெளியே போவதும் சமமாக இருக்கும்வரை எண் நிலையாக நிற்கும்.

இனி டிபி மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு வருவோம். டிபி மாத்திரை தொடங்கிய முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போய், வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்களே, அந்த நிறம் இந்த மருந்துடையது. 1957இல் பிரான்சின் தென்கடற்கரையில் ஒரு பைன் காட்டில் எடுத்த பிடி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து, இத்தாலியின் மிலான் நகர ஆய்வகம் ஒன்று இதன் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தது. காசநோய் சிகிச்சையை ஆறு மாதமாகச் சுருக்க முடிந்ததில் இந்த மருந்தின் பங்கு மிகப் பெரிது. அதனிடம் இன்னொரு குணமும் இருக்கிறது. நம் கல்லீரல் செல்லுக்குள் பி.எக்ஸ்.ஆர். என்ற ஒரு புரதத்தைப் போய்த் தட்டி எழுப்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்த புரதம் இது. பள்ளியில் பூட்டு, சாவி என்று படித்திருப்போம்: ஒரு ஹார்மோனுக்கு ஒரு ஏற்பி, வேறெதுவும் அதில் பொருந்தாது. பி.எக்ஸ்.ஆர். அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படாது. அதன் குழி பெரியது, வழவழப்பானது, வருகிற பொருளுக்கு ஏற்ப நெளிந்து கொடுப்பது. சின்ன மூலக்கூறும் உட்காரும், ரிஃபாம்பிசின் மாதிரி பருத்த மூலக்கூறும் உட்காரும். ஊருக்குள் எந்தப் புது முகம் நுழைந்தாலும் கவனித்துவிடும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மாதிரி அது. வந்தது யார் என்பது அதற்கு முக்கியமில்லை, வெளியூர் ஆள் என்று தெரிந்தால் போதும். உடனே இன்னொரு புரதத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து போகும் உத்தரவு ஒன்றுதான்: சிதைக்கும் என்சைம்களை இன்னும் நிறைய செய்.

செல்லும் செய்கிறது. ஒன்றிரண்டு வகை மட்டும் இல்லை, ஒரு பட்டாளத்தையே செய்கிறது. அந்தப் பட்டாளத்துக்கு வெளியூர் ஆள் எல்லோரும் ஒன்றுதான். ரிஃபாம்பிசினுக்காகக் கூட்டிய கூட்டம், அந்தப் பக்கம் வரும் வார்ஃபரினையும் பிடித்துச் சிதைக்கிறது. கருத்தடை மாத்திரையையும் சிதைக்கிறது. டிபி சிகிச்சையில் இருந்த பெண்களுக்கு அந்த மாத்திரை பலிக்காமல் போவதை 1970களின் தொடக்கத்திலேயே டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். மிடாசோலம் என்ற தூக்க மருந்தை வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், ரிஃபாம்பிசின் சாப்பிட்டு வந்தவர்களின் ரத்தத்தில் சேர்ந்தது வழக்கமான அளவில் சுமார் 4 சதவீதம்தான். மாத்திரை அதே மாத்திரை, வாயில் போட்டதும் அதே அளவு.

இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது 1998இல்தான். அதுவரை எலிகளில் ரிஃபாம்பிசினைக் கொடுத்துப் பார்த்தால் இந்த விளைவு சரியாகத் தெரியவில்லை. எலியின் பி.எக்ஸ்.ஆர். குழி கொஞ்சம் வேறு மாதிரி, ரிஃபாம்பிசின் அதில் சரியாக உட்காராது. பிறகு மனிதப் புரதத்துக்கான மரபணுவை எலிக்குள் வைத்தார்கள். அப்போது அந்த எலியின் கல்லீரலும் மனிதக் கல்லீரல் மாதிரியே ரிஃபாம்பிசினுக்கு எழுந்துகொண்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

“மூலிகைதானே, அது எதையும் பண்ணாது” என்று சொல்பவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியில் இருக்கும் ஒரு பொருளும் இதே குழியில் போய் உட்காரும். சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் இதய மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு பேர் அதைச் சாப்பிட்டார்கள். புது இதயத்தைக் காப்பாற்றும் மருந்து அவர்கள் ரத்தத்தில் குறைந்துபோய், உடல் அந்த இதயத்தை ஏற்க மறுக்க ஆரம்பித்தது. 2000இல் பதிவான செய்தி. செடியிலிருந்து வந்ததா, கம்பெனியிலிருந்து வந்ததா என்று கல்லீரல் பார்ப்பதில்லை.

சரி, அப்பாவின் நோட்டுக்குத் திரும்புவோம். எண் ஒரே நாளில் விழாமல் படிப்படியாக இறங்கியதற்குக் காரணம், என்சைம்களைச் செய்து குவிக்க நாளாகும் என்பதுதான். முழு வேகத்துக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். அப்போது டாக்டர் வார்ஃபரின் அளவைக் கூட்டுவார். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் போக வேண்டிவரும். பயப்பட வேண்டாம், அது சரியான வழி. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். நீங்களாகக் கூட்டவும் கூடாது, டிபி மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது ஆறு மாதம் கழித்து வரும் நாட்களுக்கு. டிபி குணமாகிவிட்டது, மாத்திரை முடிந்தது என்று வீடே நிம்மதியாக இருக்கும். ரிஃபாம்பிசின் ஓரிரு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். உத்தரவு நின்றுவிடும், புது என்சைம் வராது, இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழியும். இரண்டு மூன்று வாரத்தில் கல்லீரல் பழைய நிலைக்கு வந்துவிடும். வார்ஃபரின் மட்டும் கூட்டிய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். பல் துலக்கும்போது ரத்தம், தொடையில் காரணம் தெரியாத நீலத் திட்டு, கறுப்பாக மலம் என்று ஆரம்பிக்கும். நோயாளி குணமான பிறகு வரும் ஆபத்து இது. டிபி டாக்டர் ஒரு இடம், இதய டாக்டர் ஒரு இடம் என்று இருக்கும்போது இந்தச் சில வாரங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படாமல் போகலாம்.

சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்களும், காசநோய் வந்தவர்களும் நம் நாட்டில் ஏராளம். இந்த இரண்டு மருந்தும் ஒரே உடம்பில் சந்திப்பது பணக்கார நாடுகளைவிட இங்கே அதிகம் நடக்கக்கூடியது. இரண்டும் பழைய, மலிவான மருந்துகள். இவை சந்திப்பதைப் பற்றி ஆய்வு செய்ய எந்தக் கம்பெனியும் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும். வீட்டிலேயே வைத்துக் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு 1950களில் சென்னையில்தான் நடந்தது. அளவை எப்போது எவ்வளவு கூட்டுவது, எப்போது குறைப்பது என்று நம் நோயாளிகளைப் பார்த்தே எழுத நம்மால் முடியும்.

அம்மா, கடைசி டிபி மாத்திரை சாப்பிடப்போகும் தேதியை டாக்டரிடம் கேட்டு, இன்றே காலண்டரில் வட்டம் போடுங்கள். அதற்கடுத்த நாலு வாரத்திலும், வாரம் ஒரு நாள் ‘பிடி ஐஎன்ஆர்’ என்று எழுதி வையுங்கள். வார்ஃபரின் தரும் டாக்டரிடம் அந்தத் தேதியை இப்போதே சொல்லிவிடுங்கள். அப்பாவின் ஐஎன்ஆர் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ரிஃபாம்பிசின்’ என்று எழுதி, தொடங்கிய தேதியைப் போட்டு, பக்கத்தில் முடியும் தேதிக்கு இடம் விடுங்கள்.