கொத்தடிமைத் தொழில்: முன்பணம் பாக்கி இருந்தாலும் தொழிலாளி வெளியேறலாம்

மழைக்காலம் முடிந்து செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் தொழிலாளி, பெரும்பாலும் அதற்கு முன்பே உரிமையாளரிடமோ மேஸ்திரியிடமோ முன்பணம் வாங்கியிருப்பார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டாலும், வாரத்துக்கு ஒருமுறை செலவுக்காசு மட்டுமே கைக்கு வரும். மீதிக் கணக்கு உரிமையாளரின் நோட்டில் இருக்கும். முன்பணம் வாங்குவது குற்றமில்லை. அந்தக் கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பதும், ஊருக்குப் போக விடாமல் வைத்திருப்பதும், பெயரளவுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்குவதும்தான், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982ஆம் ஆண்டில், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். தொழிலாளியே வந்து கொடுக்க வேண்டும் என்பதில்லை. உறவினரோ தொண்டு நிறுவனமோ கொடுத்தாலும் விசாரிக்க வேண்டும். விசாரணையில் உரிமையாளர் நோட்டை விரித்து, இத்தனை ஆயிரம் பாக்கி என்று காட்டுவதும், பாதியையாவது கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று யாரேனும் சமரசம் பேசுவதும் நடக்கக்கூடியவை. அப்படிப் பேச சட்டத்தில் இடமே இல்லை. தொழிலாளியை இப்படிக் கட்டிவைக்கும் கொத்தடிமைக் கடன் என்றாலே, சட்டப்படி அது தீர்ந்த கடன், திருப்பித் தர வேண்டியதில்லை. அது அத்தகைய கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவரையே சேரும், எழுத்துக்கூட்டத் தெரியாத தொழிலாளியை அல்ல.

விசாரணையில் உறுதியானதும் ஒவ்வொருவர் பெயரிலும் விடுதலைச் சான்றிதழ் தரப்பட வேண்டும். கணவர் பெயரில் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. கல் அறுத்த மனைவிக்கும் தனிச் சான்றிதழ் உண்டு, மறுவாழ்வுத் தொகையும் தனியே உண்டு. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். இதற்கு வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதன்பின் வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு உள்ளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கையருக்கும் 3 லட்சம் ரூபாய் என்று பெரிய தொகை இருக்கிறது. ஆனால் அதன் இறுதிப் பட்டுவாடா நீதிமன்ற நடவடிக்கையோடு பிணைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுக்கணக்கில் இழுபடக்கூடும். திட்டத்தின் பலவீனமான இடம் இதுதான். எனவே சான்றிதழின் நகலையும் வழக்கு எண்ணையும் பத்திரப்படுத்திக்கொண்டு, கோட்டாட்சியர் அலுவலகத்தில் அவ்வப்போது எழுத்து மூலம் விசாரிப்பது நல்லது.

கொத்தடிமையாக வேலை வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். (அந்த 2,000 ரூபாய், 1976ஆம் ஆண்டில் நிர்ணயித்தது.) தொழிலாளி பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, உரிமையாளர் அப்பிரிவுகளைச் சேராதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், சூளைகளில் சிக்கும் இருளர் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். ஊர் திரும்பியபின் உரிமையாளரோ மேஸ்திரியோ தேடிவந்து பழைய பாக்கியை வசூலித்தால் அதுவும் தனிக் குற்றம். அதற்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும்.