எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால்

"நேத்தே எக்ஸ்ரே எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஆனா தண்ணி குடிச்சாலும் வாந்தி எடுக்கிறான்."

இரண்டு வயது லாப்ரடார். வந்தவர் கையில் ஒரே ஒரு படம், நாயை வலப்பக்கமாகப் படுக்க வைத்து எடுத்தது. படம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் நாய் வலப்பக்கம் படுத்தால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியில் நீர் தேங்கிவிடும். நாய் விழுங்கிய துணி அங்கே கிடந்தால் நீரின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடும். இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து இன்னொன்று எடுத்தோம். வாயு அந்த இடத்துக்கு ஏறியது. வாயுவின் கறுப்புக்கு நடுவே சுருண்ட ஒரு உருவம் தெரிந்தது. சாக்ஸ்!

அதனால்தான் வயிற்றுக்குக் குறைந்தது இரண்டு கோணம், முடிந்தால் மூன்று எடுக்கச் சொல்கிறேன்.

எலும்பு, கல், உலோகம் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்துவிடும். துணியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் அப்படித் தெரியாது. அப்போது விழுங்கிய பொருளை விட்டுவிட்டு, குடல் என்ன செய்கிறது என்றுதான் பார்ப்போம். அடைப்புக்கு முன்னால் உள்ள குடலில் வாயுவும் நீரும் சேர்ந்து வீங்கும், அதைத் தாண்டிய பகுதி சாதாரணமாக இருக்கும். சிறுகுடலின் அகலத்தை இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பின் உயரத்தோடு ஒப்பிடுவோம். சுமார் 1.6 மடங்கு வரை பயமில்லை. 2 மடங்கைத் தாண்டினால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். இடைப்பட்ட அளவுதான் சிக்கல். அங்கே ஸ்கேன் வேண்டும், அல்லது சில மணி நேரம் கழித்து மறுபடி ஒரு எக்ஸ்ரே. மொத்தக் குடலும் ஒரே சீராகக் கொஞ்சம் உப்பியிருந்தால், பார்வோ போன்ற வைரஸ் தொற்றால் வரும் குடல் அழற்சியாகவும் இருக்கலாம்.

நூல் விழுங்கிய நாயின் குடல் வேறு மாதிரி. நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படி ஒரு பக்கமாகக் குவிந்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். உள்ளே அது குடல் சுவரை அறுத்துவிடும்.

குட்டிகளின் வயிற்றில் கொழுப்பு குறைவு என்பதால் படம் மங்கலாகத்தான் வரும். அதற்காக மருத்துவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

வரும்போது வீட்டில் என்ன காணாமல் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம், முன்பு எடுத்த படத்தை மறக்காமல் எடுத்து வாருங்கள். வீங்கிய குடல் அதே இடத்தில் நிற்கிறதா, வாயு நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட எங்களுக்கு அது வேண்டும்.